சொல்லாத நோயும் எளிய பயிற்சியும்

நம் சங்க மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று ஆசிரியர் கேட்டபோது, "நீ படிக்கும் படிப்பைப் பற்றியே எழுதலாமே" என்றார். நான் படிப்பது இயன்முறை மருத்துவம். பிசியோதெரபி என்றால் எல்லார்க்கும் விளங்கும். முழங்கால் வலி, முதுகு வலி, ஆடுகளத்தில் நேரும் சுளுக்கு என்று எழுதினால் விரும்பிப் படிப்பவர் பலர் உண்டு. ஆயினும் நான் எடுத்துக்கொண்ட பொருள் வேறு. பெண்களுக்குத் தம்மை அறியாமல் சிறுநீர் கசியும் துன்பத்தையும், அதனைத் தசைப் பயிற்சியால் தணிக்கும் முறையையும் பற்றி எழுதப் போகிறேன். இதை ஒரு பல்கலைக்கழக மலரில் எழுதலாமா என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். அவர்கள் பொறுமையுடன் இறுதிவரை படிக்க வேண்டுகிறேன். நம் வீட்டுத் தாய்மாரில் பலர் இந்தத் துன்பத்தைப் பல்லாண்டுகள் வாய் திறவாமல் சுமக்கிறார்கள். அவர்களில் ஒருவர் என் தாய்.

சென்ற ஆண்டு என் அக்காவின் பேறுகாலத்திற்கு உதவியாக அம்மா மதுரையிலிருந்து டெல்லிக்கு வந்தார். 40 மணி நேரத்துக்கு மேற்பட்ட ரயில் பயணம். நிசாமுதீன் நிலையத்தில் நான் அவரைக் கண்டபோது உதடுகள் வெடித்திருந்தன. கண்கள் குழி விழுந்திருந்தன. இரண்டடி நடந்தவர் தலை சுற்றுகிறது என்று முறுக்கு டின்னின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். ரயிலில் உண்ட உணவு ஒத்துக்கொள்ளவில்லை போலும் என்று எண்ணினேன். வீட்டுக்கு வந்து பையைத் திறந்தால், புறப்படும்போது தம்பி வாங்கிக் கொடுத்த தண்ணீர்ப் புட்டியில் பாதிக்கு மேல் அப்படியே இருந்தது.

"ஏம்மா தண்ணீரே குடிக்கவில்லை?" என்றேன்.

"குடித்தால் எழுந்து போக வேண்டுமே, கண்ணு. நாலு பேரைத் தாண்டிப் போய், கதவு திறக்கிற வரைக்கும் நிற்க எனக்கு முடியுமா?" என்றார்.

பிறகு மெல்ல மெல்ல எல்லாவற்றையும் சொன்னார். தம்பி பெரிய குழந்தை. ஆயுதம் போட்டுத்தான் எடுத்தார்கள். அன்று தொடங்கியது. இருமினால் கசியும், தும்மினால் கசியும், குடத்தைத் தூக்கினால் கசியும். திருமண வீட்டுக்குப் போனால் வாசலுக்கு அருகிலேயே அமர்வார். கோவிலுக்குப் போவதைக் குறைத்துக்கொண்டார். 18 ஆண்டுகள் இப்படி! அப்பாவுக்கும் தெரியாது, அக்காவுக்கும் தெரியாது. "பிள்ளை பெற்றவளுக்கு இதெல்லாம் இருக்கத்தான் செய்யும்" என்று ஒரு பெரியவர் என்றோ சொன்னதை அவர் தீர்ப்பாகவே ஏற்றுக்கொண்டுவிட்டார்.

நண்பர்களே, அதற்கு ஆறு திங்களுக்கு முன்புதான் நான் இதே பொருளைப் பற்றித் தேர்வில் ஐந்து பக்கம் எழுதி நல்ல மதிப்பெண் பெற்றிருந்தேன். என் தாயின் உடம்பில் இருப்பதை அறியாமல், நூலில் இருப்பதை ஒப்பித்துப் பெற்ற மதிப்பெண் அது. அந்த நாணம்தான் இக்கட்டுரையை எழுதத் தூண்டியது. அம்மாவின் இசைவு பெற்றே எழுதுகிறேன்.

நிற்க. நோய் இன்னது, அதன் காரணம் இன்னது, அதைத் தணிக்கும் வழி இன்னது என ஆராயும் வரிசையைத் திருக்குறளின் மருந்து அதிகாரம் நமக்குக் காட்டியிருக்கிறது. அவ்வரிசையிலேயே நாமும் செல்வோம்.

நோய் எது?

தன் விருப்பமின்றிச் சிறுநீர் வெளியேறுவது எதுவாயினும் அது சிறுநீர்க் கசிவே. ஒரு சொட்டாக இருந்தாலும் கசிவுதான்; ஆடை முழுதும் நனைந்தாலும் கசிவுதான். இதில் முதன்மையான வகைகள் மூன்று.

முதலாவது அழுத்தக் கசிவு. இருமும்போதும், தும்மும்போதும், வாய்விட்டுச் சிரிக்கும்போதும், பளுவைத் தூக்கும்போதும், குதிக்கும்போதும் வயிற்றுக்குள் அழுத்தம் திடீரென உயர்கிறது. அந்த அழுத்தத்தைச் சிறுநீர்க் குழாயின் அடைப்பு தாங்காதபோது கசிவு நேர்கிறது. இங்கே அழுத்தம் என்பது வயிற்றின் அழுத்தமே, மனக்கவலை அன்று.

இரண்டாவது அவசரக் கசிவு. சிறுநீர் கழிக்க வேண்டும் என்னும் உணர்ச்சி திடீரென, அடக்க முடியாத வேகத்துடன் எழும். குளியலறையை எட்டுவதற்குள் கசிந்துவிடும். வீட்டுக் கதவில் சாவியைப் போடும்போதும், குழாயில் தண்ணீர் விழும் ஓசை கேட்டபோதும் இவ்வுணர்ச்சி எழுவதாகப் பலர் கூறுவர்.

மூன்றாவது இவ்விரண்டும் சேர்ந்த கலப்புக் கசிவு. என் தாய்க்கு இருந்தது இதுவே; அழுத்தக் கசிவு மிகுதி, அவசரக் கசிவு சிறிது.

வகையை அறிவது எதற்கு எனில், வகைக்கு ஏற்பப் பயிற்சியும் வேறுபடும். ஆகவே நல்ல இயன்முறை மருத்துவர் முதலில் கேட்பது "எப்போது கசிகிறது?" என்னும் கேள்வியைத்தான்.

உறுப்புகளின் அமைப்பு

நம் இடுப்பெலும்பு அடிப்பக்கம் திறந்த ஒரு கிண்ணம் போன்றது. அந்தத் திறப்பை மூடி, உள்ளுறுப்புகள் கீழே இறங்காமல் தாங்குபவை இடுப்புத்தளத் தசைகள். முன்னே பூப்பெலும்பிலிருந்து பின்னே வால் எலும்பு வரை, நம் வீடுகளில் குழந்தைக்குக் கட்டும் தூளியைப் போல இவை தொங்குகின்றன. இவற்றுள் முதன்மையானது லெவேட்டார் ஏனை என்னும் தசைத் தொகுதி. பெண்களுக்கு இந்தத் தளத்தினூடே மூன்று வழிகள் செல்கின்றன: முன்னே சிறுநீர்க் குழாய், நடுவே பிறப்பு வழி, பின்னே மலவாய். ஆணின் சிறுநீர்க் குழாய் ஏறக்குறைய 20 செ.மீ. நீளமுடையது, பெண்ணின் குழாயோ ஏறக்குறைய 4 செ.மீ. மட்டுமே. அந்தச் சிறிய குழாயைக் காக்கும் வேலையில் இத்தளத்துக்குப் பெரும் பங்குண்டு.

அது எவ்வாறு காக்கிறது? அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்து அறிஞர் ஜான் டெலான்சி 1994-இல் இதற்கு ஒரு விளக்கம் தந்தார். தோட்டத்து ரப்பர்க் குழாயைக் காலால் மிதிப்பதாக வைத்துக்கொள்வோம். குழாய் கெட்டித் தரைமேல் கிடந்தால் உடனே நசுங்கி, தண்ணீர் நின்றுவிடும். சேற்றின்மேல் கிடந்தால் குழாயும் காலோடு சேர்ந்து அமிழும். தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும். இருமல் என்பது அந்தக் கால். இடுப்புத்தளம் என்பது அந்தத் தரை. தரை உறுதியாக இருந்தால் இருமலே குழாயை அழுத்தி மூடிவிடும். தளர்ந்திருந்தால் மூடாது. இந்த ஓர் உவமையைப் பற்றிக்கொண்டால் அழுத்தக் கசிவின் பாடத்தில் பாதி முடிந்தது எனலாம்.

அவசரக் கசிவின் கதை வேறு. சிறுநீர்ப்பையின் சுவரே ஒரு தசை. பை நிரம்பும்வரை அது அமைதியாக விரிந்து கொடுக்க வேண்டும். வளர்ந்தவர் ஒருவரின் பை 400 முதல் 500 மில்லி லிட்டர் வரை கொள்ளும். அந்தச் சுவர்த் தசை காலத்துக்கு முன்பே சுருங்கத் தொடங்கினால் அவசர உணர்ச்சி எழுகிறது. ஆனால் இடுப்புத்தளத்தை இறுக்கும்போது பையின் சுருக்கம் அடங்குகிறது. ஆதலால் இவ்வகைக்கும் அதே தசைகள் உதவுகின்றன.

ஏன் தளர்கிறது?

முதற்காரணம் கருவுறுதலும் பிள்ளைப்பேறும். குழந்தையின் தலை வெளிவரும்போது லெவேட்டார் தசையின் உட்பகுதி, தன் இயல்பான நீளத்தைப் போல மூன்று மடங்குக்கு மேல் நீள வேண்டியிருக்கும் என்று 2004-இல் மிச்சிகன் ஆய்வாளர் கணிப்பொறி மாதிரி ஒன்றால் கணக்கிட்டனர். உடம்பின் வேறு எந்தத் தசையிடமும் இயற்கை இத்தகைய வேலையைக் கேட்பதில்லை. பலருக்கு அது தானே மீள்கிறது, சிலருக்கு மீள்வதில்லை. ஆயுதம் போட்டு எடுத்த பேறுகளில் தசை கிழிபடும் வாய்ப்பு மிகுதி.

மாதவிடாய் நின்றபின் வரும் மாற்றங்கள், உடற்பருமன், நாட்பட்ட இருமல், மலச்சிக்கலால் நாள்தோறும் முக்குதல், ஓயாத பளுத் தூக்கல் ஆகியவை ஏனைய காரணங்கள். எடை மிகுந்தவர் எடையைக் குறைத்தால் கசிவும் குறைகிறது. 2009-இல் அமெரிக்காவில் வெளிவந்த ஆய்வு ஒன்றில், தம் எடையில் 8 விழுக்காட்டைக் குறைத்த பெண்களுக்கு வாராந்தரக் கசிவு 47 விழுக்காடு குறைந்தது. எடை குறைக்கும் பயிற்சி பெறாத பிரிவினர்க்கு 28 விழுக்காடே குறைந்தது.

இது பிள்ளை பெற்றவர்க்கும் முதியோர்க்கும் மட்டும் உரியது என்று நம் விடுதிச் சகோதரிகள் எண்ண வேண்டா. சுவீடன் நாட்டில் துள்ளு வலையில் குதிக்கும் ஆட்டத்தில் தேர்ந்த 35 பெண்களை ஆராய்ந்தனர். எவரும் பிள்ளை பெறாதவர். எல்லாரும் இளம் வயதினர். 2002-இல் வெளிவந்த முடிவு யாது? 35 பேரில் 28 பேர் பயிற்சியின்போது கசிவு ஏற்படுவதாகக் கூறினர். உரமான கைகால்கள் இருப்பதால் இடுப்புத்தளமும் உரமாக இருக்கும் என்பதில்லை.

பயிற்சி பிறந்த வரலாறு

இப்பயிற்சியைப் பலரும் கெகல் பயிற்சி என்பர். ஆனால் அவருக்கு முன்பே, நடனக் கலைஞராக இருந்து இயன்முறை மருத்துவமும் பயின்ற மார்கரெட் மாரிஸ் என்னும் அம்மையார் 1936-இல் இங்கிலாந்தில் வெளியிட்ட நூலில் இத்தசைகளுக்கான பயிற்சியைச் சொல்லியிருந்தார்.

ஆர்னால்டு கெகல் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்து மகளிர் மருத்துவர். தசை எதுவாயினும் தடையை எதிர்த்து உழைத்தால் வளரும் என்னும் பொது விதி, கண்ணுக்குத் தெரியாத இந்தத் தசைக்கும் பொருந்த வேண்டும் என்று அவர் கருதினார். 1948-இல் வெளியிட்ட கட்டுரையில் தாம் அமைத்த கருவி ஒன்றையும் விளக்கினார். காற்று அடைத்த ரப்பர்ப் பை ஒன்றைப் பிறப்பு வழியில் வைத்து, அதை அழுத்தமானியுடன் இணைப்பார். பெண் தன் தசையை இறுக்கினால் முள் நகரும். தன் முயற்சியின் பயனைத் தன் கண்ணாலேயே காணலாம். இன்று பயோஃபீட்பேக் என்று வழங்கும் முறைக்கு இது முன்னோடி. நாள்தோறும் 20 நிமிடம் வீதம் மூன்று முறை பயிலுமாறு அவர் சொன்னார். இன்று அவ்வளவு நேரம் தேவையில்லை என அறிந்திருக்கிறோம். ஆனால் அவர் வற்புறுத்திய ஒன்று இன்றும் மாறவில்லை: சரியான தசையைத்தான் இறுக்குகிறோமா என்று முதலில் தேர்ந்து கொள்ள வேண்டும்.

நான் செய்த பிழை

இந்த இடத்தில்தான் நான் இடறி விழுந்தேன். அம்மா வந்த மறுநாளே நூலைத் திறந்து வைத்துக்கொண்டு அவருக்குப் பாடம் நடத்தினேன். "ஒன்றுக்குப் போவதை நடுவில் நிறுத்துவதுபோல இறுக்குங்கள், அம்மா" என்றேன். அவரும் தலையசைத்தார். இரண்டு வாரம் ஓயாமல் செய்தார். கசிவு குறையவில்லை, சற்றே கூடியது. "என் உடம்புக்கு இது ஒத்துவராது, விடு" என்றார். இன்னும் ஒரு வாரம் போயிருந்தால், 18 ஆண்டுக்குப் பின் திறந்த வாய் மறுபடி மூடியிருக்கும்.

என் ஆசிரியை ஒருவரிடம் போய்ச் சொன்னேன். மகளிர் நலத்தில் சிறப்புப் பயிற்சி பெற்றவர் அவர். "நீ அவர் செய்வதைப் பார்த்தாயா?" என்று கேட்டார். நான் பார்க்கவில்லை. அம்மாவை அழைத்துச் சென்றேன். ஆசிரியை அவரிடம் எல்லாவற்றையும் விளக்கி, இசைவு பெற்று, தனியறையில் ஆராய்ந்தார். அம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டு, வயிற்றை உப்பவைத்து, கீழ்நோக்கி முக்கிக்கொண்டிருந்தார் என்பது அப்போதுதான் தெரிந்தது. மேலே தூக்க வேண்டிய தளத்தை நாள்தோறும் கீழே தள்ளியிருக்கிறார். அதுவும் என் சொற்படி!

இது என் தாய்க்கு மட்டும் நேர்ந்ததன்று. 1991-இல் அமெரிக்காவில் 47 பெண்களுக்கு இப்பயிற்சியை வாய்மொழியால் மட்டும் கற்பித்து ஆராய்ந்தனர். ஏறக்குறைய பாதிப்பேரே சரியாகச் செய்தனர். நான்கில் ஒருவர் செய்தது கசிவை மிகுவிக்கக்கூடிய முறை. வாயால் சொல்வது கற்பித்தலாகாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இன்னொன்றும் கூற வேண்டும். சிறுநீரை நடுவில் நிறுத்திப் பார்ப்பதை நாள்தோறும் பயிற்சியாகக் கொள்வது தவறு. பை முழுவதும் காலியாவதை அது தடுக்கக்கூடும். உள்ளே ஆராய்வதை விரும்பாத பெண்களுக்கும் மணமாகாத பெண்களுக்கும் வேறு வழிகள் உள்ளன. வெளியிலிருந்தே தசையின் அசைவைக் காணலாம். வயிற்றின்மேல் வைக்கும் அல்ட்ராசவுண்ட் கருவியால் பையின் அடிப்பகுதி மேலே எழுவதைத் திரையில் பார்க்கலாம். ஆதலால் கூச்சம் காரணமாகச் சிகிச்சையையே துறக்க வேண்டியதில்லை.

பயிற்சி முறை

முதலில் முழங்கால்களை மடித்து மல்லாந்து படுக்க வேண்டும். வாயு வெளியேறாமல் அடக்குவதுபோல மலவாயை மெல்ல இறுக்கி, அந்த இறுக்கத்தை முன்னே சிறுநீர் வழிவரை கொண்டுவந்து, எல்லாவற்றையும் உள்ளேயும் மேலேயும் தூக்க வேண்டும். தொடையும் பிட்டமும் இறுகக் கூடா. மூச்சு இயல்பாக ஓட வேண்டும். பயிலும்போது ஒன்று இரண்டு என்று வாய்விட்டு எண்ணினால் மூச்சைப் பிடிக்க இயலாது. அம்மாவுக்கு ஆசிரியை சொல்லித் தந்த உபாயம் இது.

தசையின் வலிமையை 0 முதல் 5 வரை அளக்கும் ஆக்ஸ்ஃபோர்டு அளவுமுறை ஒன்று உண்டு. 0 என்றால் அசைவே இல்லை. 5 என்றால் மிக உறுதி. அம்மாவுக்கு முதலில் இருந்தது 2. இறுக்கியபடி மூன்று நொடிதான் தாங்கினார். ஆதலால் மூன்று நொடி இறுக்கம், அதே அளவு ஓய்வு என்றே தொடங்கினோம். ஒவ்வொருவர்க்கும் அவரவர் ஆற்றலே தொடக்கம். பின்பு 6 நொடி, 8 நொடி, 10 நொடி என வளர்க்க வேண்டும். ஒரு முறைக்கு 8 முதல் 12 இறுக்கங்கள். நாளொன்றுக்கு மூன்று முறை. நீண்ட இறுக்கங்களுக்குப் பின் விரைவாக இறுக்கித் தளர்த்தும் குறும்பயிற்சியும் சில செய்ய வேண்டும். இருமலைத் தாங்க விரைவும் தேவை. படுத்துச் செய்வது பழகியபின் உட்கார்ந்தும், அதன்பின் நின்றும் செய்ய வேண்டும். கசிவு நேர்வது நிற்கும்போதுதானே!

அடுத்தது முன்னிறுக்கம். இருமல் வருகிறது என்று உணர்ந்தவுடன், இருமுவதற்கு ஒரு நொடி முன்பே தளத்தை இறுக்கி, இருமி முடியும்வரை தளராமல் வைத்திருப்பது. 1998-இல் அமெரிக்காவில் முதிய பெண்களுக்கு இதை ஒரே வாரம் கற்பித்துச் சோதித்தனர். நடுத்தர இருமலில் கசிவின் அளவு 98 விழுக்காடும், ஆழ்ந்த இருமலில் 73 விழுக்காடும் குறைந்தது. ஒரு வாரத்தில் தசை வளர்ந்துவிடாது. இறுக்க வேண்டிய நேரத்தை அறிந்ததன் பயன் இது.

அவசர உணர்ச்சிக்கு வேறு பாடம். உணர்ச்சி எழுந்தவுடன் ஓடக் கூடாது. நின்றோ அமர்ந்தோ, தளத்தை ஐந்தாறு முறை விரைவாக இறுக்கித் தளர்த்தி, மனத்தை வேறொன்றில் செலுத்த வேண்டும். அலை தணிந்தபின் நிதானமாக நடக்க வேண்டும். குடித்தது எவ்வளவு, போனது எத்தனை முறை, கசிந்தது எப்போது என்று மூன்று நாள் குறிப்பெழுதினால் இப்போதுள்ள இடைவெளி தெரியும். அதைச் சிறிது சிறிதாக நீட்டி மூன்று மணி நேரத்துக்குக் கொண்டுவருவது நோக்கம். இப்பயிற்சியைக் குறைந்தது ஆறு வாரம் செய்ய வேண்டும். காப்பியும் தேநீரும் மிகுதியாகக் குடிப்பவர் குறைத்துப் பார்க்கலாம். ஆனால் தண்ணீரை நிறுத்துவது தீர்வன்று. நீர் குறைந்தால் சிறுநீர் அடர்ந்து பையை உறுத்தும்; மலச்சிக்கல் வரும்; முக்க நேரும்; தளம் மேலும் தளரும். அம்மா காப்பென்று நம்பியதே அவர்க்குப் பகையாக இருந்தது.

பயன் எவ்வளவு?

நார்வே நாட்டில் காரி போ என்னும் இயன்முறை மருத்துவப் பேராசிரியையும் அவர் குழுவினரும் அழுத்தக் கசிவுடைய 107 பெண்களை நான்கு பிரிவாக்கி ஆறு திங்கள் ஆராய்ந்தனர். ஒரு பிரிவுக்குத் தசைப் பயிற்சி, ஒன்றுக்கு மின்தூண்டல், ஒன்றுக்கு உள்ளே வைக்கும் எடைக்கூம்புகள், ஒன்றுக்குச் சிகிச்சை இல்லை. 1999-இல் வெளிவந்த முடிவின்படி தசைப் பயிற்சியே ஏனையவற்றை விஞ்சியது.

உலகில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் நிறுவனம் 2018-இல் 14 நாடுகளின் 31 ஆய்வுகளை, 1,817 பெண்களின் விவரங்களை, ஒன்றுசேர்த்துப் பார்த்தது. அழுத்தக் கசிவுடையோரில் பயிற்சி பெற்றவர்களுள் 56 விழுக்காட்டினர் குணமடைந்ததாகக் கூறினர். பயிற்சி பெறாதவர்களுள் 6 விழுக்காட்டினரே அவ்வாறு கூறினர். அழுத்தக் கசிவுக்கும் கலப்புக் கசிவுக்கும் முதற்சிகிச்சையாக, மேற்பார்வையுடன் குறைந்தது மூன்று திங்கள் இப்பயிற்சியைத் தர வேண்டும் என்பது இங்கிலாந்தின் நைஸ் என்னும் மருத்துவ வழிகாட்டு நிறுவனத்தின் நெறி. முதற்சில வாரங்களில் நரம்பு கற்கிறது. அதன் பின்னரே தசை பருக்கிறது. மூன்று திங்கள் என்பதன் பொருள் இதுவே. பத்து நாளில் பயனில்லை என்று விடுவது, விதைத்த மறுநாள் மண்ணைக் கிளறிப் பார்ப்பதை ஒக்கும்.

எல்லார்க்கும் இது போதும் என்று நான் கூறவில்லை. பயிற்சியால் தீராதவர்க்கு மருந்தும் அறுவைச் சிகிச்சையும் உள்ளன. சிறுநீரில் இரத்தம், எரிச்சல், காய்ச்சல், இரவும் பகலும் ஓயாத கசிவு, கீழே ஏதோ இறங்குவது போன்ற உணர்வு ஆகியவை இருந்தால் முதலில் மருத்துவரிடம் செல்ல வேண்டும். திடீரெனக் கால்கள் வலுவிழந்து, அமரும் இடம் மரத்துப்போய், கசிவும் ஏற்பட்டால் ஒரு நாளும் தாழ்த்தக் கூடாது.

என் தாயின் கணக்கு இது. முதற்குறிப்பில் மூன்று நாளில் ஒன்பது முறை கசிந்திருந்தது. பன்னிரண்டு வாரம் கழித்து எழுதிய குறிப்பில் இரண்டு முறை. தசையின் அளவு 2-இலிருந்து 4 ஆயிற்று. முழுவதும் நிற்கவில்லை, நல்ல சளி பிடித்தால் இன்றும் ஒரு சொட்டுக் கசிவதுண்டு. அவர் அதைப் பொருட்படுத்துவதில்லை. அக்காவும் குழந்தை பிறந்தபின் அம்மாவுடன் சேர்ந்து பயின்றாள். கருவுற்ற காலத்திலேயே தொடங்கியிருந்தால் இன்னும் நன்று. கசிவு இல்லாதவர் அப்போதே பயின்றால் பின்னர் அது வரும் வாய்ப்புக் குறைகிறது என்று 2020-இன் காக்ரேன் தொகுப்பு கூறுகிறது.

மாணவர்க்கு ஒரு சொல்

இயன்முறை மருத்துவத்தை முறைப்படுத்திய தொழில்களில் ஒன்றாக 2021-ஆம் ஆண்டின் நடுவண் சட்டம் ஏற்றிருக்கிறது. ஆயினும் மக்கள் மனத்தில் அது இன்னும் முழங்காலுக்கும் முதுகுக்கும் உரிய கலையாகவே நிற்கிறது. அந்த எண்ணத்தை மாற்றும் பணி எங்களைப் போன்றோர்க்கு உண்டு. மற்றத் துறை மாணவர்களுக்கும் ஒரு பணி உண்டு. விடுமுறைக்கு ஊர் செல்லும்போது, நெடும்பயணத்தில் தண்ணீர் குடிக்காத தாயையும், சிரிக்கும்போது கால்களை இறுக்கிக்கொள்ளும் அத்தையையும், விழாக்களில் வாசலருகே அமரும் பெரியம்மாவையும் கவனியுங்கள். மகள்கள் நேரே கேட்கலாம். மகன்கள் கேட்கத் தயங்கினால் இம்மலரை அவர்கள் கண்ணில் படும்படி வைத்துவிட்டாவது வாருங்கள். "பிள்ளை பெற்றவளுக்கு இருக்கத்தான் செய்யும்" என்னும் சொல்லை மட்டும் நம் தலைமுறையில் எவரும் சொல்ல வேண்டா.

நான்கு திங்கள் கழித்து அம்மா ஊருக்குப் புறப்பட்டார். அதே ரயில், அதே கீழ்ப் படுக்கை. மறுநாள் பிற்பகல் தொலைபேசியில் அழைத்து, "எங்கே அம்மா இருக்கிறீர்கள்?" என்றேன். "நாக்பூரைத் தாண்டியாயிற்று, கண்ணு. தண்ணீர் தீர்ந்துபோய்விட்டது; எதிர்ச் சீட்டுத் தம்பிதான் இன்னொரு புட்டி வாங்கிக் கொடுத்தான்" என்றார்.

தேர்வில் பெற்ற மதிப்பெண்ணைவிட அந்தச் சொல் எனக்குப் பெரிதாக இருந்தது.